கண்ணாடிக்குப் பின்னால் ஆறு நாற்காலிகள்

"உட்காருங்க மேடம். இந்த நாற்காலியில முதல்ல நீங்கதான் உட்காரணும்" என்றார் மாப்பிள்ளை சார்.

அவள் உட்காரவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் அவளும், இரண்டு சோபா நாற்காலிகளும், ஒரு பிளாஸ்டிக் செடியும், வாய் நிறையச் சிரிக்கும் மாப்பிள்ளை சாரும் தெரிந்தார்கள்.

"இந்தப் பக்கம் இருந்து பார்த்தா கண்ணாடி. அந்தப் பக்கம் இருந்து பார்த்தா ஜன்னல். இங்க பேசுறது அங்க ஸ்பீக்கர்ல கேக்கும். பசங்க இருட்டுல உக்காந்து, நீங்க எப்படிப் பேசுறீங்கன்னு பாத்துக் கத்துக்கலாம். எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு சார்."

"நல்லாத்தானா? வேண்டா வெறுப்பா சொல்றீங்களே. இது உங்க ரூம் மேடம்."

மாப்பிள்ளை சார் என்பது அவர் பெயரல்ல. கல்லூரியைத் தொடங்கியவரின் ஒரே மகளைக் கட்டியவர் என்பதால், வாசல் காவலாளி முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை சார். தாளாளராகிப் பதினான்கு வருடம் ஆகியும் விருந்துக்கு வந்தவரைப் போலவே வளைய வருவார். எல்லாவற்றிலும் குறை சொல்வார், எதையும் மிச்சம் வைக்க மாட்டார்.

அவளுக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது. டிஷ்யூ மேடம். மாணவர்களுக்கான ஆலோசகர். பதினொரு வருடமாக மாடிப்படிக்கு அடியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அறையில் உட்கார்ந்து, அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. ஆனால் ஜெனரேட்டர் போடுகிற இரைச்சலில் உள்ளே பேசுவது ஓர் அடிக்கு அப்பால் கேட்காது. அதற்காகவே அவளுக்கு அந்த அறையைப் பிடித்திருந்தது.

இப்போது கல்லூரிக்குத் திடீரென்று அவள் தேவைப்பட்டாள். தொழில்முறை உளவள ஆலோசனையில் இரண்டு வருட முதுகலைப் படிப்பு ஒன்றைத் தொடங்குகிறார்கள். அதற்குத் துறைத் தலைவராக இருக்கும் தகுதி மொத்தக் கல்லூரியிலும் அவள் ஒருத்திக்குத்தான். அவள் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் ஓர் அங்குலம் நகராது. இத்தனை நாள் எதிரே வந்தால் வணக்கத்தைக் கூட வாங்கிக்கொள்ளாத முதல்வர், போன வாரம் அவள் அறைக்கே வந்து, தலையில் படி இடித்து, "இங்கயா இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவளுக்கும் அந்தப் படிப்பு வர வேண்டும் என்ற ஆசை இருந்தது. நான்காயிரம் மாணவர்களுக்கு அவள் ஒருத்திதான். வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைப் பழக்கி வெளியே அனுப்பினால் பன்னிரண்டு இடங்களில் யாராவது ஒருவர் காது கொடுத்துக் கேட்பார். அந்தக் கணக்கு அவளைப் பல நாள் தூங்கவிடவில்லை.

அனுமதி கொடுப்பதற்கான ஆய்வுக் குழு புதன்கிழமை வருவதாக இருந்தது. முன்கூட்டியே அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி: ஆலோசனை அமர்வு ஒன்றை நேரில் நடத்திக் காட்ட வேண்டும், ஆனால் உண்மையாகவே ஆலோசனைக்கு வருகிறவரை வைத்துக் காட்டக் கூடாது, நடிகரை வைத்துத்தான் காட்ட வேண்டும். அந்த வரியின் கீழ் அவளே சிவப்பில் கோடு போட்டு மாப்பிள்ளை சாரிடம் கொடுத்தாள். அவரும் ஒரு நாடகக்காரரைப் பேசி வைத்தார்.

புதன்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு நாடகக்காரரிடமிருந்து போன் வந்தது. பைக் வழியிலேயே படுத்துவிட்டதாம். வர முடியாதாம்.

"தள்ளி வச்சிடலாம் சார். நாளைக்குக் காலையில காட்டலாம்" என்றாள் அவள்.

மாப்பிள்ளை சார் யோசித்தார். அவர் யோசிக்கும்போது நாக்கு கன்னத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வரும். "அதுவும் சரிதான். குழுவும் சாப்பிட்டுட்டுக் கண்ணசந்து உக்காந்திருக்காங்க. நான் சொல்லிக்கிறேன். உங்களுக்கு மூணு மணிக்கு யாரோ வரணுமில்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மேசையில டைரி திறந்து கிடந்துச்சு. அந்த ரூமுக்கு இன்னைக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க, பூட்டியாச்சு. நீங்க புது ரூம்லயே பாருங்க. அது உங்க ரூம்தானே."

அவள் கண்ணாடிக்குப் பின்பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்தாள். இருட்டு. ஆறு நாற்காலிகள், ஆறும் காலி. ஸ்பீக்கர் பெட்டியில் விளக்கு எரியவில்லை. மாப்பிள்ளை சார் அவள் கண் முன்னாலேயே கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு டிரைவர் வந்தார். கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர். நான்கு மாதமாக ஓட்டவில்லை. முதுகு வலி என்று சொல்லி, பேருந்து நிறுத்தும் கொட்டகையில் டயருக்குக் காற்றுப் பார்க்கும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். முதுகில் ஒன்றுமில்லை என்பது அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

வந்தவர் கண்ணாடியைப் பார்த்து நின்று, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"என்ன டீச்சரம்மா, சலூன் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"உக்காருங்க அண்ணே. இது புதுப் படிப்புக்காக வச்சது. அந்தப் பக்கம் இருந்து பாத்தா இங்க தெரியும். பசங்க பாத்துக் கத்துக்கறதுக்கு."

சீப்பு பாதித் தலையில் நின்றது. "இப்ப பாக்குறாங்களா?"

"இல்ல. நான் இப்பதான் போய்ப் பாத்துட்டு வந்தேன். யாரும் இல்ல. பூட்டியிருக்கு. உங்களுக்குச் சங்கடமா இருந்தா வெளிய மரத்தடியில போய் உக்காரலாம்."

"நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன" என்று அவர் உட்கார்ந்தார். நாற்காலி உள்வாங்கியது. "அம்மாடி, பஸ்ஸுல இந்த மாதிரி சீட்டு போட்டா நான் தூங்கிடுவேன்."

நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். ஒரு காலை, கல்லூரி வாசலில் மாணவிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இறங்கிய பெண்ணின் பை கதவில் மாட்டிக்கொண்டது. டிரைவர் வண்டியை எடுத்தார். நாலைந்து அடி இழுத்துக்கொண்டு போன பிறகுதான் மற்ற பெண்களின் கூச்சல் கேட்டு நிறுத்தினார். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அந்தப் பெண்ணே எழுந்து சிரித்துவிட்டு, "என் மேலதான் தப்பு அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் அவருக்கு வலது கால் மரத்துப்போனது. வேர்த்துக் கொட்டியது. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை.

பதினாறு புதன்கிழமைகளாக அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று சொல்லப்படாமல் மிச்சமிருக்கிறது என்று தெரியும். அவள் நோண்டவில்லை.

அன்றைக்கு, ஜெனரேட்டர் இரைச்சல் இல்லாத அமைதியாலோ என்னவோ, அவர் தன் வலது முழங்காலைப் பார்த்துச் சொன்னார்.

"சத்தம் கேட்டுச்சு டீச்சரம்மா."

அவள் காத்திருந்தாள்.

"எல்லார்கிட்டயும் கேக்கலன்னு சொன்னேன். உங்ககிட்டயும். கேட்டுச்சு. கதவு மூடுனதும் பொத்துன்னு ஒரு சத்தம். பக்கத்துக் கண்ணாடியில ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல. ரெண்டு நிமிஷம் லேட்டு அன்னிக்கு. லேட்டானா பஸ்ஸைப் பாத்துக்கற மேனேஜர் நோட்டுல சிவப்பு மையில வட்டம் போடுவாரு. அந்த மாசம் ரெண்டு வட்டம் ஆயிருந்துச்சு. பையோ கிய்யோ விழுந்திருக்கும்னு மிதிச்சேன். கேட்டும் மிதிச்சேன்."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர் முகத்தைக் கூட மூடிக்கொள்ளாமல் அழுதார். மூக்கு ஒழுகியது. மீசை நனைந்தது. அவள் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தாள். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

அப்போது கண்ணாடிக்குள் வெளிச்சம் வந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எதிரே இருந்த சுவரில் அவர்கள் இருவரின் முகமும் மங்கி, அதே இடத்தில் வேறு ஆட்கள் முளைத்தார்கள். பின்பக்க அறையில் யாரோ விளக்கைப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இருட்டாக இருக்கும்வரைதான் இந்தப் பக்கம் அது கண்ணாடி. விளக்கைப் போட்டால் வெறும் ஜன்னல். படிப்பையே தொடங்குகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஆறு நாற்காலிகள். முதல் மூன்றில் ஆய்வுக் குழு இருந்திருக்க வேண்டும். ஓர் ஓய்வு பெற்ற பேராசிரியர், அவர்தான் தலைவர். காலையிலிருந்து ஏ.சி. சரியாக வேலை செய்கிறதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர். குறிப்பெடுக்கும் ஓர் அம்மாள். இப்போது மூவரும் எழுந்து, மாப்பிள்ளை சாரோடு வரிசையாக நின்றார்கள். நான்கு பேரின் முதுகும் கண்ணாடிப் பக்கம். எதிரே முதல்வர், மாப்பிள்ளை சாரின் போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். இருட்டில் படம் சரியாக விழவில்லை என்று விளக்கைப் போட்டது அவர்தான். ஆறாவது நாற்காலியில் கிரீம் கேக் தட்டு.

அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழுகிற டிரைவரைப் பின்னணியாக வைத்து.

சத்தம் ஒன்றும் இந்தப் பக்கம் கேட்கவில்லை. முதல்வர் கையை ஆட்டி, இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள் என்றார். நெருங்கினார்கள். தலைவரின் ஒரு கையில் கைக்குட்டை. அவரும் அழுதிருந்தார் போல. இன்னொரு கையில் கேக். மாப்பிள்ளை சார் தலையை லேசாகத் திருப்பி, கடைவாயில் ஒட்டிய கிரீமை நாக்கால் நக்கிக்கொண்டார்.

டிரைவர் எழுந்து நின்றார். முதல்வர் போன் திரையில் அவரைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. திரையில் விரலை வைத்து, படத்தைப் பெரிதாக்கி, இன்னொன்று எடுத்தார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பின்பக்க அறைக்குள் நுழைந்ததும் கேக் வாசனையும் ஏ.சி. குளிரும் முகத்தில் அடித்தன.

"வாங்க மேடம், வாங்க. பிரமாதம்" என்று மாப்பிள்ளை சார் இரண்டு கையையும் விரித்தார். பிறகு குழுவின் பக்கம் திரும்பி, "நான் சொன்னேன் இல்ல, நம்ம நடிகர் சாதாரணப்பட்டவர் இல்ல. பதினஞ்சு வருஷ அனுபவம்" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? அவர் நடிகர் இல்லை என்றால், சொன்னதெல்லாம் உண்மை என்று ஆகிவிடும். சத்தம் கேட்டது, கேட்டும் மிதித்தேன். அவருடைய ரகசியத்தை அவர் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்வதில்லை என்பது அவள் தொழிலின் முதல் பாடம். அதைத்தான் இவர்களுடைய புதுப் படிப்பில் முதல் வாரம் நடத்த இருந்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம். டிரைவர் வந்து வாசலில் நின்றார். முகத்தைத் துடைத்திருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கேக் தட்டைப் பார்த்தார்.

"நடிப்பு எப்படி சார் இருந்துச்சு?" என்றார்.

"உருக்கிட்டீங்க" என்றார் தலைவர். தனக்கு வாசலில் கொடுத்த பூங்கொத்தை நாற்காலியிலிருந்து எடுத்து டிரைவரின் கையில் வைத்தார். ஏ.சி. உறுப்பினர் கை தட்டினார். முதல்வரும் தட்டினார். குறிப்பெடுக்கும் அம்மாள் ஏதோ எழுதினாள்.

டிரைவர் பூங்கொத்தோடு போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து மாப்பிள்ளை சாரின் அறையில் அவள் முன்னால் ஒரு தாள் இருந்தது. அறிக்கையின் ஏழாம் பக்கம். "இன்று காட்டப்பட்ட அமர்வு, பயிற்சி பெற்ற நடிகரைக் கொண்டு நடத்தப்பட்டது" என்று தட்டச்சு செய்து, கீழே துறைத் தலைவர் என்று போட்டு, அவள் பெயருக்கு மேலே இடம் விட்டிருந்தார்கள்.

"எப்ப உள்ள போனீங்க?" என்று கேட்டாள்.

"மூணு அஞ்சுக்கு. சத்தமில்லாம போகணும்னு செருப்பைக் கழட்டிட்டுப் போனோம். தலைவர் உட்பட." அதைப் பெருமையாகவே சொன்னார்.

"உங்களுக்கு அசிங்கமா இல்லையா சார்?"

"மேடம், ஒரு நல்ல காரியம் நடக்கும்போது நாலு விஷயம் அப்படி இப்படித்தான் இருக்கும். நூறு பேருக்கு உதவப்போற படிப்பு. ஒரு ஆளு அழுததை அஞ்சு பேரு பாத்துட்டா குடி முழுகிடுமா?" நாக்கு கன்னத்துக்குள் ஒரு சுற்று வந்தது. "அப்புறம், அந்த ஆளு நம்ம டிரைவர்தானே. முகம் தெரியாமலா இருக்கும். முதுகு வலின்னு நாலு மாசச் சம்பளம் வாங்கியிருக்காரு. அவரு சொன்னது மேனேஜர் காதுல விழுந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். போட்டோ வேற நல்லா வந்திருக்கு. படிப்புக்கு அடிக்கிற நோட்டீஸ்ல போடலாம்னு முதல்வர் சொல்றாரு."

போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். நான்கு சிரித்த முகங்கள். அவற்றுக்குப் பின்னால், நடுவில், டிரைவரின் ஈர முகம். அவர் கண்கள் நேராகக் கேமராவைப் பார்த்தன.

"அழிங்க" என்றாள்.

"போடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

"முதல்ல அழிங்க."

அவர் அழித்தார். அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்தைத் திறக்கச் சொல்லி, அங்கேயும் இரண்டு படங்களையும் அழிக்க வைத்தாள். வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்று காட்டச் சொன்னாள். காட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டாள். பேனா பிசுபிசுவென்று இருந்தது. கேக் தின்ற விரல்.

வெளியே நடையில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கொஞ்சம் ஒதுங்கி வந்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"வருத்தப்படாதம்மா. எனக்கும் தெரியும்."

"என்ன தெரியும் சார்?"

"நாப்பது வருஷம் இதே தொழில். நடிக்கிறவனுக்குக் கண்ணுல தண்ணி வரும், மூக்கு ஒழுகாது." தன் கண்டுபிடிப்பில் அவருக்கே ஒரு சிரிப்பு. "அதனால என்ன? உன் கை நல்லா இருக்கு. ஒரு கேள்வி கூடக் கேக்காம அந்த ஆளை அங்க கொண்டு வந்தியே. தொழில் நெறிக்கு முழு மார்க்கு போட்டிருக்கேன்."

அவள் நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். மூன்று தடவை சோப்புப் போட்டாள்.

பேருந்துக் கொட்டகையில் டிரைவர் தன் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, ஒரு டிபன் டப்பா. பூங்கொத்து எண்ணெய்த் துணி போடும் டிரம்மில் தலைகீழாகக் கிடந்தது.

"அண்ணே."

அவர் திரும்பவில்லை. "யாரும் இல்லன்னீங்களே டீச்சரம்மா."

"பாத்துட்டுத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் திறந்து வந்திருக்காங்க. எனக்குத் தெரியாது."

அவர் சட்டையை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. உதறி மறுபடி மடித்தார். "சரி" என்றார். நம்பினாரா, நம்பவில்லையா, அந்தச் சரியில் ஒன்றும் தெரியவில்லை.

"போட்டோ எடுத்திருந்தாங்க. அதை அழிக்க வச்சிட்டேன். இனிமே யாருக்கும் தெரியாது. நீங்க பயப்பட வேண்டாம்."

"சொன்னதும் அழிச்சிட்டாரா? அந்த ஆளு சும்மா தும்மக்கூட மாட்டானே."

"கையெழுத்துப் போட்டேன்."

"எதுல?"

"அது நடிப்புதான்னு எழுதியிருந்ததுல."

இப்போது திரும்பினார். "யாருக்காக?"

"உங்களுக்காகத்தான் அண்ணே."

"நான் கேட்டனா?"

அவர் டிபன் டப்பாவைக் கையில் எடுத்தார்.

"அவங்க என்னைக் கேக்காம பாத்தாங்க. நீங்க என்னைக் கேக்காம காப்பாத்துறீங்க. எல்லாரும் படிச்சவங்க" என்றார். குரலில் கோபம் கூட இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. "நான் இப்பதான் மேனேஜரைப் பாத்துட்டு வரேன்."

"எதுக்கு?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். முதுகு வலி பொய்யி, சத்தம் கேட்டது நெசம்னு. மாப்பிள்ளை அதை வச்சிக்கிட்டு என்னை ஆயுசுக்கும் மேய்ப்பாரு. அவரு கையில நான் ஏன் கயித்தைக் குடுக்கணும்?" டிபன் டப்பாவைப் பைக்குள் திணித்தார். "நாளையில இருந்து வராதேன்னுட்டாரு. விசாரணை வைப்பாங்களாம். வைக்கட்டும். அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஒரு நடை போகணும். அது இன்னும் தன் தப்புன்னே நெனச்சிட்டிருக்கு."

அவள் அங்கே கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். கல்லூரி முதுகலைப் படிப்பின் துறைத் தலைவர், கையெழுத்திட்டு முப்பது நிமிடம். அந்தக் கையெழுத்தால் அவள் எதை வாங்கினாளோ, அது இப்போது இல்லை. பொய் மட்டும் ஏழாம் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

"அண்ணே, இதை உங்களைக் கேட்டுட்டுத்தான் செய்யப்போறேன். அது நடிப்பு இல்லன்னு நான் போய்ச் சொல்லலாமா?"

அவர் பையின் ஜிப்பை இழுத்தார். நடுவில் மாட்டிக்கொண்டது. அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்.

"எம் பேரு வேண்டாம். பஸ்ஸு விஷயமும் வேண்டாம், அதை நான் சொல்ற எடத்துல சொல்லிக்கிறேன். பாத்தாங்கன்றதைச் சொல்லுங்க." ஜிப் நகர்ந்தது. "கேக்கு தின்னாங்கன்றதையும் சொல்லுங்க."

"அடுத்த புதன்கிழமை..."

"அதை அப்புறம் பாக்கலாம்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

விருந்தினர் அறையில் குழு கிளம்பத் தயாராக இருந்தது. கார் வாசலில் நின்றது. மேசை மேல் டீயும், அதே கேக்கின் மிச்சமும். அறிக்கைக் கட்டு குறிப்பெடுக்கும் அம்மாளின் மடியில்.

"அந்த ஏழாம் பக்கம் வேணும்" என்றாள் அவள்.

"எதுக்கும்மா?" என்றார் தலைவர்.

"என் கையெழுத்தை அடிக்கணும். அங்க எழுதியிருக்கறது பொய்."

முதல்வர் டீக் கோப்பையை வைத்தார். மாப்பிள்ளை சார் எழுந்துவிட்டார். "மேடம், வெளிய வாங்க, பேசிக்கலாம். அந்த ஆளோட வேலை என்ன ஆகும்னு..."

"வேலை போயிடுச்சு சார். அவரே போய்ச் சொல்லிட்டாரு. இனிமே உங்க கையில ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளை சாரின் நாக்கு கன்னத்துக்குள் பாதிச் சுற்றில் நின்றது.

"கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க" என்று தலைவர் அறைக்குப் பொதுவாகச் சொன்னார். "இந்த வேலையில அடிக்கடி வர்ற களைப்புதான். ரெண்டு நாள் லீவு போட்டா சரியாயிடும்."

"நீங்கதானே சார் சொன்னீங்க, நடிக்கிறவனுக்கு மூக்கு ஒழுகாதுன்னு."

ஏ.சி. உறுப்பினர் தன் செருப்பைப் பார்த்தார். குறிப்பெடுக்கும் அம்மாள் கட்டை அவிழ்த்து, ஏழாம் பக்கத்தைத் தேடி எடுத்து, மேசை மேல் வைத்தாள். அன்று முழுக்க அந்த அம்மாள் வாயைத் திறந்து பேசியது அப்போதுதான்.

"முன்பக்கம் இடம் இல்ல. பின்னாடி எழுதுங்க. தேதி போடுங்க."

அவள் தன் கையெழுத்தின் மேல் இரண்டு கோடு இழுத்தாள். தாளைத் திருப்பி எழுதினாள். "இன்று காட்டியது நடிப்பு அல்ல. உதவி தேடி வந்த ஒருவரை, அவருக்கும் எனக்கும் தெரியாமல், ஐந்து பேர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் அழுதபோது கேக் சாப்பிட்டுக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இந்தப் படிப்புக்கு நான் தலைவராக இருக்க முடியாது."

தலைவர் தோள் வழியாக எட்டிப் படித்தார். "கேக்கெல்லாமா எழுதுவாங்க?"

"எழுதச் சொல்லியிருக்காரு."

"இதை வச்சு எப்படி அனுமதி குடுக்கறது?" என்று அவர் மாப்பிள்ளை சாரைப் பார்த்தார். "வேற ஆளு போட்டு, வேற தேதியில திரும்ப ஒரு விண்ணப்பம் குடுங்க. அடுத்த மாசம் ஒரு நடை வந்து பாத்துடுவோம். ரூம் நல்லா இருக்கு."

"ஒரு டிரைவருக்காக" என்றார் மாப்பிள்ளை சார் அவளிடம். அருவருப்பான எதையோ மிதித்துவிட்டவரைப் போல உதட்டைச் சுழித்தார். பிறகு அவள் அங்கே இல்லாதது போல முதல்வர் பக்கம் திரும்பினார். "நம்ம யோகா மாஸ்டர் என்ன படிச்சிருக்காரு?"

"விசாரிச்சுச் சொல்றேன் சார்."

அவள் கீழே வந்தாள். மாடிப்படிக்கு அடியில் தன் பழைய அறையைத் தன்னிடமிருந்த சாவியால் திறந்து பார்த்தாள். பெயிண்ட் வாசனையே இல்லை. யாரும் எதுவும் அடித்திருக்கவில்லை. மேசை மேல் டைரி இருந்தது, அன்றைய பக்கத்தில், யாரோ புரட்டிய கோணத்தில். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து, எதிர்ப்புற நடைபாதையில் நின்று, மறுநாள் பக்கத்தைத் திறந்தாள். ஏழு பெயர்கள், பக்கத்தில் போன் எண்கள். பத்து மணிக்கு ஒரு முதலாம் ஆண்டு மாணவி, முதல் தடவையாக வருகிறவள்.

"நாளைக்குக் காலேஜ் ரூமுக்கு வராதம்மா, நான் அங்க இருக்க மாட்டேன்" என்றாள் போனில். "இனிமே அந்தப் புது ரூமுக்கு யார் கூப்பிட்டாலும் போகாத."

"ஏன் மேடம்?" பயந்த சின்னக் குரல்.

"அங்க சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உக்காந்து பாக்குறாங்க."

"அப்ப உங்களை எங்க வந்து பாக்குறது?"

"தெரியல. யோசிச்சு ராத்திரிக்குள்ள சொல்றேன்" என்றாள். அடுத்த எண்ணை அழுத்தினாள்.